வளவுக்குள் ஒரு மருந்தகம்

பகல் சாப்பாட்டுக்குப் பின் எமது வீடுகளில் கழுவ வரும் பீங்கான்களைக் கவனித்திருக்கின்றீர்களா? ஓரத்தில் கறிவேப்பிலை, இறம்பைத் துண்டு, கறுவாப்பட்டை, இஞ்சித் துண்டு என்பன வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். சமைத்தவர் தேடித் தேடிப் போட்டதைச் சாப்பிட்டவர் தேடித் தேடி வெளியே எடுத்திருப்பார். அதே மனிதர் மறுநாள் மருந்துக் கடையில் அழகான போத்தலில் அடைத்த விற்றமின் குளிசைகளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி வருவார்.

இதற்கு நேர்மாறானவர்களும் எம்மத்தியில் இருக்கின்றனர். கைபேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி, வைத்தியர் கொடுத்த குளிசைகளை ஒதுக்கிவிட்டு, ஏதோ ஓர் இலையின் சாற்றை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் இவர்கள். முதலாமவர் மூலிகையை வெறும் குப்பை என்கிறார். இரண்டாமவர் அதைச் சர்வரோக நிவாரணி என்கிறார். இருவருமே அந்த இலைக்குள் என்ன இருக்கின்றது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூலிகை உண்மையிலேயே மருந்துதான். மருந்து என்பதனாலேயே அதற்கு அளவு, முறை, எல்லை மூன்றும் உண்டு.

தாவரம் ஏன் மருந்தாகின்றது?

ஆடு வந்தாலும் புழு வந்தாலும் தாவரத்தால் எழுந்து ஓட முடியாது. நின்ற இடத்தில் நின்றபடியே அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காக அல்லாஹ் அதற்கு அளித்திருக்கும் ஆயுதம் இரசாயனமாகும். பாகற்காயின் கசப்பு, மிளகின் காரம், கறுவாவின் வாசனை, தேயிலையின் துவர்ப்பு ஆகிய யாவும் தாவரம் தனக்காகத் தயாரித்த பொருட்களே. பூச்சியை விரட்டவும், பூஞ்சணத்தைத் தடுக்கவும், விலங்குகளின் வாயை ஒதுக்கவும் அவை உதவுகின்றன. இவற்றைத் துணை அனுசேபப் பொருட்கள் என உயிரியலில் குறிப்பிடுவர்.

பூச்சியின் உடலில் தாக்கம் விளைவிக்கும் ஒரு பொருள் மனித உடலிலும் ஏதோ ஒரு தாக்கத்தை விளைவிக்கக்கூடும். அத்தாக்கம் சிறிய அளவில் நன்மையாகவும் பெரிய அளவில் தீமையாகவும் அமையலாம். எமது நாட்டுப் பற்றைகளில் வளரும் கார்த்திகைச் செடியை இதற்கு உதாரணமாகக் கூறலாம். அதன் கிழங்கை வேறு கிழங்கென நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அக்கிழங்கின் நஞ்சு கொல்சிசின் எனப்படும். அதே கொல்சிசினை மிக நுண்ணிய அளவில் வைத்தியர்கள் கீல்வாத நோய்க்கு மருந்தாகக் கொடுக்கின்றனர். பொருள் ஒன்றுதான். அளவே அதை நஞ்சாகவும் மருந்தாகவும் ஆக்குகின்றது.

தேடிச் சோதித்த மனிதர்கள்

மூலிகைகளைப் பற்றிய அறிவு வெறும் நம்பிக்கையால் வளர்ந்ததல்ல. 1025 ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்ற ‘அல்கானூன் பித்திப்’ எனும் நூலில் இப்னு சீனா அவர்கள் தனி மருந்துகளுக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கினார்கள். அதில் மருந்தின் குணத்தை எவ்வாறு சோதித்தறிவது என்பதற்கு விதிகளையும் வகுத்தார்கள். பல நோய்கள் கலந்த நிலையில் அல்லாது ஒரு நோயிலேயே மருந்தைச் சோதிக்க வேண்டும், ஒரு தடவை கிடைத்த பலனை நம்பாது மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும், விலங்கில் கண்ட பலன் மனிதனிலும் அவ்வாறே அமையும் என எண்ணலாகாது என்பன அவற்றுட் சிலவாகும். ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதிகளை இன்றைய ஆய்வுகூடங்களும் ஏற்றுக்கொள்ளும். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248 இல் டமஸ்கஸில் மரணித்த இப்னுல் பைத்தார் அவர்கள் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருட்களையும் உணவுப் பொருட்களையும் தொகுத்தெழுதினார்கள்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றும் உண்டு. சீன விஞ்ஞானியான தூ யூயூ அம்மையார் 1970 களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடினார். ஏறக்குறைய 1600 வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சீன வைத்திய நூலில், காய்ச்சலுக்கான ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறப்பட்டிருந்தது. காய்ச்சும்படி அதில் கூறப்படவில்லை. வெப்பம் மருந்தை அழித்துவிடுகின்றது என்பதை அக்குறிப்பிலிருந்து ஊகித்த அவர், குறைந்த வெப்பநிலையில் அதனைப் பிரித்தெடுத்தார். ஆர்ட்டிமிசினின் எனும் அம்மருந்துக்காக 2015 ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. எந்தச் செடி என்பதைப் போலவே எந்த முறை என்பதும் முக்கியமானது என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது.

எமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல தாவரவியற் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டது பூக்களைக் காட்டுவதற்காக அல்ல. மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது. அதேபோன்று 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று வைத்திய முறைகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

சம்பலுக்குள் இருக்கும் இரசாயனம்

இனி எமது சமையலறைக்குள் வருவோம். பெண் பிள்ளைகளாகிய எமக்கு மிக நெருக்கமான பிரச்சினை குருதிச்சோகை ஆகும். கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணின் குருதியில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்தால் அது குருதிச்சோகை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுவது, படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குவது, பாடம் மனதில் ஏறாமல் சோர்வாக இருப்பது ஆகியவற்றை ‘பிள்ளைக்குச் சோம்பல்’ என்று வீட்டில் கூறிவிடுகின்றனர். பல வேளைகளில் குறைபாடு குணத்தில் அல்ல, இரும்புச்சத்திலேயே இருக்கின்றது.

வேலியில் நிற்கும் முருங்கையை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 185 மில்லிகிராம் கல்சியமும் 4 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அதே நிறையுடைய பசும்பாலில் உள்ள கல்சியம் சுமார் 120 மில்லிகிராம் மாத்திரமே. எனினும் ஒரு கறியில் எமது பீங்கானுக்கு வரும் இலை 100 கிராமிலும் பார்க்கக் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. இடைக்கிடை ஒரு நாள் அல்லாமல், அடிக்கடி உண்ணும்போதே அதன் பலன் சேரும்.

ஆனால் இலையில் இருக்கும் இரும்பு முழுவதும் எமது குருதியைச் சென்றடைவதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பின் ஒரு பகுதி இலகுவில் உறிஞ்சப்படும் வடிவத்தில் உள்ளது. இலைகளில் உள்ள இரும்போ பெரும்பாலும் பெரிக் வடிவத்தில் இருப்பதால் குடலால் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. இங்கேதான் தேசிக்காய் துணைக்கு வருகின்றது. அதிலுள்ள விற்றமின் சி பெரிக் இரும்பைப் பெரசு இரும்பாகத் தாழ்த்துகின்றது. இரசாயனவியற் பாடத்தில் நாம் சமன்பாடாக எழுதும் அதே தாழ்த்தல் தாக்கம் எமது வயிற்றிலும் நடைபெறுகின்றது. வெப்பம் விற்றமின் சியை அழிக்கும் என்பதால், சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விட வேண்டும். ‘அடுப்புல வெச்சிக்கொண்டு புளி விடாத மகள், கச்சுப் போகும்’ என்று உம்மம்மாமார் கூறுவது ருசிக்காக மட்டுமே எனினும், அதில் சத்தும் காக்கப்படுகின்றது.

வல்லாரைச் சம்பலைச் சற்று நினைத்துப் பாருங்கள். பச்சையாக அரிந்த வல்லாரை, வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய், தேசிப்புளி, கொஞ்சம் மாசி. மாசி என்பது மீன். மீனும் இறைச்சியும் தாமே இரும்பைத் தருவதுடன், அதே உணவிலுள்ள இலையின் இரும்பையும் கூடுதலாக உறிஞ்சச் செய்கின்றன. இலை, புளி, மாசி ஆகிய மூன்றையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்த எமது முன்னோர் இரும்பின் வடிவங்களை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்களது கை சரியாகவே கலந்திருக்கின்றது.

வல்லாரை ஞாபக சக்தியைக் கூட்டும் என்று பரீட்சைக் காலத்தில் எமக்கு அள்ளி வைப்பார்கள். இது தொடர்பில் மனிதரில் செய்யப்பட்ட ஆய்வுகள் சிறியவை. உறுதியான முடிவு இன்னும் கிடைக்கவில்லை. காயங்கள் ஆறுவதற்கு வல்லாரை உதவும் என்பதற்கோ கூடுதலான ஆதாரம் உண்டு. அதிலுள்ள ஏசியாற்றிகோசைட் எனும் பொருள் தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றது. அதனாலேயே இன்று தோலுக்கான பல களிம்புகளில் வல்லாரைச் சாறு சேர்க்கப்படுகின்றது. பச்சையாக உண்ணும் இலை என்பதால், ஓடும் நீரில் பல தடவை கழுவுவது கட்டாயமாகும்.

இத்தனை நன்மையையும் நாம் ஒரு கோப்பையால் கெடுத்துவிடுகின்றோம். அது சாப்பிட்டு எழுந்தவுடன் குடிக்கும் பிளேன்ரீ! தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் இலையின் இரும்போடு பிணைந்து அதைக் கரையவிடாமல் தடுக்கின்றன. உணவோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும்போது இரும்பு உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் கீழாகக் குறையலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. தேயிலை நாட்டில் தேநீரை விடுமாறு எவரும் கூறப்போவதில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டாலே போதும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

துணையோடு வரும் சத்துகள்

சில பொருட்கள் தனியே சென்றால் உடலுக்குள் நுழைய முடியாது, துணை தேவை. இலைக்கறிகளிலும் கறிவேப்பிலையிலும் நிறைந்துள்ள பீற்றா கரோட்டினை எமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. கண்பார்வைக்கு அது அவசியமானது. ஆனால் அது கொழுப்பில் கரையும் பொருள். கொழுப்பில்லாத உணவோடு உண்டால் பெரும்பகுதி பயனின்றி வெளியேறிவிடும். எமது பாற்சொதியிலும் இலைக்கறியிலும் சேரும் தேங்காய்ப்பால் அத்துணையை வழங்குகின்றது. கறிவேப்பிலையை முழு இலையாகப் போட்டால் வாசனை மாத்திரமே கறிக்குள் வரும். கல்சியமும் நாரும் இலையோடு ஓரத்துக்குப் போய்விடும். எனவே அதனைப் பொடியாக அரிந்தோ, சம்பலாக அரைத்தோ, வறுத்துத் தூளாக்கியோ சேர்ப்பது சிறந்தது.

மஞ்சளும் அப்படித்தான். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின், அழற்சியைக் குறைக்கும் இயல்புடையது. எனினும் தனியே உட்கொண்டால் அது மிகச் சொற்பமாகவே குருதியில் சேருகின்றது. 1998 இல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்துக் கொடுத்தபோது, குருதியில் சேர்ந்த அளவு இருபது மடங்கு உயர்ந்ததாகப் பதிவு செய்தனர். மஞ்சளையும் மிளகையும் ஒரே சட்டியில் இடும் எமது சமையலுக்கு இது நல்ல செய்தியே. ஆனால் ஒரு கறியில் நாம் சேர்க்கும் மஞ்சளில் உள்ள குர்குமின் மிகக் குறைவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அதற்காகச் செறிவான குர்குமின் குளிசைகளை வாங்கி விழுங்குவதும் புத்திசாலித்தனமல்ல. அவ்வாறு உட்கொண்ட சிலரின் ஈரல் பாதிக்கப்பட்டதை வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். கறியில் காக்கும் மஞ்சள், குளிசையாகும்போது வேறொரு பொருளாகிவிடுகின்றது.

இஞ்சி, கொத்தமல்லி, வெந்தயம், கறுவா

நீண்ட பஸ் பயணத்துக்கு முன் இஞ்சித் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்வது எமது வழக்கம். குமட்டலைக் குறைப்பதில் இஞ்சியின் பயன் பல ஆய்வுகளில், குறிப்பாகக் கர்ப்பகாலக் குமட்டலில், சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டுள்ளது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல் எனும் பொருளினால் உண்டாவது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஒரு பகுதி நீரை இழந்து சோகாவோலாக மாறுகின்றது. இது ஜிஞ்சரோலை விடக் காரமானது. சுக்கு இஞ்சியை விட ‘சுள்’ என்று இருப்பதன் காரணம் இதுவேயாகும்.

தடிமல், இருமல் என்றவுடன் வீட்டில் கொத்தமல்லி அவிக்கும் வாசனை எழும். கொத்தமல்லி கிருமியைக் கொன்றுவிடும் என்று கூறுவதற்கு ஆதாரம் போதாது. ஆனால் சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம் தருகின்றது, சளியை இளக்குகின்றது, காய்ச்சலில் உடல் இழக்கும் நீரை ஈடுசெய்கின்றது. ஆகவே கொத்தமல்லி குடிப்பது நல்ல பழக்கமே. அது எதைச் செய்கின்றது, எதைச் செய்யவில்லை என்பதை அறிந்து குடித்தால் இன்னும் நல்லது.

வெந்தயத்தை இரவில் ஊறவைத்தால் காலையில் வழுவழுப்பாகிவிடும். அந்த வழுவழுப்பு கரையும் நார்ப்பொருளாகும். அது குடலில் கூழ்போற் பரவி, குளுக்கோசு குருதியில் சேரும் வேகத்தைக் குறைக்கின்றது. நோன்புக் கஞ்சியில் சில வீடுகளில் வெந்தயம் சேர்ப்பது, நாள் முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு இதமான ஏற்பாடாகும். நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறிய கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் எனும் பொருளும் இன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் ஆராயப்பட்டு வருகின்றது. நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுமாறும் அவர்கள் ஏவியிருக்கின்றார்கள் என்பதைச் சேர்த்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கறுவா எமது மண்ணின் பெருமை. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்பதற்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. உலகச் சந்தையில் மலிவாக விற்கப்படும் கசியாப்பட்டையில் குமாரின் எனும் பொருள் அதிகம் உண்டு. அதிக அளவில் தொடர்ந்து உட்கொண்டால் அது சிலரது ஈரலைப் பாதிக்கும். எமது கறுவாவில் குமாரின் மிக மிகக் குறைவு. இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, வெளிறிய கபில நிறமாக, கையால் நொறுக்கக்கூடியதாக இருப்பது எமது கறுவா. தடித்த ஒரே பட்டையாகச் சுருண்டிருப்பது கசியா.

மரம் தந்தது கெடுதி செய்யுமா?

எனது உம்மம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். கடந்த வருடம் யாரோ சொன்னார்கள் என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தமரத்தங்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார். நட்சத்திரம் போல வெட்டுப்படும் இக்காயைச் சிங்களத்தில் காமரங்கா என்பார்கள். சாறு இருக்கின்றதே என்று குளிசைகளையும் நிறுத்திவிட்டார். உம்மா தடுத்தபோது, “இங்கிலீஸ் மருந்துதான் உடம்பக் கெடுக்கும். மரம் தந்ததுல என்ன கெடுதி வரப் போகுது?” என்றார்.

அடுத்த கிளினிக்கில் குருதி குளுக்கோசு மிக உயர்ந்திருந்தது. வைத்தியர் கோபப்படவில்லை. சிறுநீரகத்தையும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்துவிட்டு, “உம்மா, நீங்க விட்ட குளிசையும் ஒரு செடியில இருந்து வந்ததுதான். நீங்க குடிச்ச சாறுதான் பயமானது” என்றார். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகத்துக்குப் பாதிப்பு ஏற்பட்டிருக்கவில்லை. அந்த வார்த்தையின் பொருளை நான் பின்னர் தேடிப் படித்தேன்.

ஐரோப்பாவில் கலேகா எனும் அவரையினச் செடியொன்று நெடுங்காலமாக மூலிகையாகப் பயன்பட்டு வந்தது. அதிலுள்ள கலெஜின் எனும் பொருள் குருதியின் குளுக்கோசைக் குறைத்தது. ஆனால் அது நச்சுத்தன்மையும் கொண்டிருந்தது. அதன் உறவுப் பொருட்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1922 இல் மெற்போமினைத் தயாரித்தனர். 1957 இல் பிரான்ஸில் அது நீரிழிவு நோயாளர்க்கான மருந்தாக அறிமுகமானது. இன்று எமது வீடுகளில் முதியவர்கள் விழுங்கும் அந்த வெள்ளைக் குளிசை, நஞ்சு நீக்கி அளவு குறிக்கப்பட்ட ஒரு மூலிகையின் வாரிசாகும். ‘இங்கிலீஸ் மருந்து, நாட்டு மருந்து’ என்று நாம் பிரிக்கும் கோடு அவ்வளவு நேரானதல்ல.

தமரத்தங்காயில் ஒட்சலேற்று எனும் பொருள் மிக அதிகமாக உண்டு. பசியோடிருக்கும் வயிற்றில் செறிவான சாறாகச் செல்லும்போது அது கல்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்குகளாகப் படிகின்றது. இச்சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே ஆய்விதழ்களில் எழுதியுள்ளனர். ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அக்காயிலுள்ள இன்னொரு பொருள் மூளையையும் பாதிக்கும். ஊறுகாய்க்குப் பயன்படும் விளிம்பிக்காயிலும் ஒட்சலேற்று மிகுதி. கறியில் இரண்டு துண்டு வேறு, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு வேறு.

பாகற்காய், கொத்தல ஹிம்புட்டு போன்றவை குருதி குளுக்கோசைக் குறைப்பதற்கு உதவக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பையில் நீரை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் எமது நாட்டுக்கே உரியது. அதிலுள்ள சலசினோல் எனும் பொருள் மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றது. இவை வேலை செய்கின்றன என்பதே எச்சரிக்கையாகவும் அமைகின்றது. குளிசையும் குறைக்க, மூலிகையும் குறைக்க, குளுக்கோசு அளவுக்கு மீறி வீழ்ந்தால் முதியவர் மயங்கி விழக்கூடும். இருமலுக்கு மெல்லும் அதிமதுரத்தை நாட்கணக்கில் அதிகம் உண்டால் குருதியமுக்கம் உயரும். எனவே மூலிகை எதனைக் குடித்தாலும் அதனை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

காய்ச்சல் காலத்தில்

எமது நாட்டில் 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். அக்காலத்தில் வீட்டுக்கு வீடு பப்பாசி இலைச்சாறு பிழியப்பட்டது. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை அது உயர்த்தக்கூடும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சிறுதட்டுக் குறைவு அல்ல. குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிந்து குருதியமுக்கம் வீழ்வதே ஆபத்தானது. பப்பாசி இலை அக்கசிவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் குறையும் வேளையிலேயே தொடங்குகின்றது. ‘சாறு கொடுத்தோம், காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டார் நிம்மதியடையும் நேரமே பிள்ளைக்கு ஆபத்தான நேரமாக இருக்கலாம். வயிற்று வலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், கடும் சோர்வு என்பன தென்பட்டால் உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். டெங்குக் காலக் காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. கஞ்சி, செவ்விளநீர், பழச்சாறு போன்ற நீராகாரங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். இங்கு மூலிகைக்கு உரிய இடம் வைத்தியருக்குத் துணையாக நிற்பது மட்டுமே. அவருடைய இடத்தில் அமர்வதல்ல.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

இதுவரை கூறியவற்றிலிருந்து ஐந்து விடயங்களைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, உணவின் அளவில் உண்பது. சம்பலாக, சுண்டலாக, கஞ்சியாக உண்ணும் இலை பெரும்பாலும் நன்மையே செய்யும். சாறாகவும் தூளாகவும் குளிசையாகவும் செறிவாக்கும்போது அது மருந்தாகிவிடும்.

இரண்டாவது, செடியைச் சரியாக அறிவது. ஒரே பெயரில் இரண்டு செடிகளும், ஒரே தோற்றத்தில் நல்லதும் நஞ்சும் உண்டு. ஐயமிருந்தால் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, முறையை அறிவது. புளி எப்போது விடுவது, எதனோடு உண்பது, தேநீரை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவது என்பனவே பாதிப் பலனைத் தீர்மானிக்கின்றன.

நான்காவது, வைத்தியர் தந்த குளிசையைத் தாமாக நிறுத்தாதிருப்பது. கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளர், நீரிழிவு நோயாளர் ஆகியோர் எந்த மூலிகையையும் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, அறிந்தவரிடம் கேட்பது. பதிவு பெற்ற யூனானி, சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் எமது நாட்டில் இருக்கின்றனர். கைபேசியில் வரும் செய்திக்குப் பதிவிலக்கம் கிடையாது.

உயிரியற் பிரிவில் கற்கும் எமது சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானியும் ஆயுர்வேதமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவமும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. உம்மம்மாமாரின் அறிவை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்லக் கூடியவர்கள் இரண்டு மொழியும் தெரிந்தவர்களே. அதாவது, ‘கச்சுப் போகும்’ என்பதும் புரிய வேண்டும். தாழ்த்தல் தாக்கம் என்பதும் புரிய வேண்டும்.

அதுவரை எல்லோராலும் செய்யக்கூடிய ஒரு சிறிய வேலை இருக்கின்றது. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரோடு ஒரு மாலை நேரத்தில் வளவைச் சுற்றி வாருங்கள். அவர் காட்டும் ஒவ்வொரு செடியின் பெயரையும், எந்தப் பகுதி, எவ்வளவு, எதனோடு, யாருக்கு ஆகாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வளவில்லாத வீடாயின் இரண்டு சாடிகளில் வல்லாரையும் கறிவேப்பிலையும் நடலாம். கொப்பியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடும் வைத்தியரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியானது நிலைக்கும், பிழையானது விலகும். இன்ஷா அல்லாஹ், அந்தக் கொப்பி எமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.